கசப்புக்கு ஒரு மெட்ரோ டிக்கெட்

போதைக்காகவே குடித்துப் பழகிய நாட்டில் ருசிக்காகக் குடிப்பது சாத்தியமா? பெல்ஜியப் பாணி பீரையும் கசப்பு பீரையும் தேடி தில்லி எல்லையைத் தாண்டினால் தெரிய வருவது பானத்தின் ருசி மட்டுமல்ல, நம் எக்ஸைஸ் சட்டங்களின் ருசியும்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு தில்லி மெட்ரோவின் மஞ்சள் வழித்தடத்தில் நிற்க இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். ராஜீவ் சவுக்கில் ஏறும் கூட்டத்தில் பலரும் அலுவலகம் முடிந்து வீடு திரும்புகிறவர்கள். ஆனால் குதுப்மினார், சத்தர்பூர் எல்லாம் தாண்டிய பிறகும் இறங்காமல், தலை வாரிக்கொண்டு செல்போனில் முகம் பார்த்துக்கொள்ளும் இளைஞர் கூட்டம் ஒன்று பெட்டியில் மிச்சமிருக்கும். அர்ஜன்கட் நிலையத்தோடு தில்லி முடிகிறது. அடுத்த நிலையமான குரு துரோணாச்சார்யா ஹரியானாவில் இருக்கிறது. இந்தச் சில நிமிஷப் பயணத்தில் ஆட்சி மாறுகிறது, வரி மாறுகிறது, சட்டத்தின் கண்ணில் ஒருவருடைய வயதுகூட மாறுகிறது. தில்லியில் மது அருந்த 25 வயதாகியிருக்க வேண்டும் என்பது நெடுங்காலச் சட்டம். ஹரியானாவிலும் அப்படித்தான் இருந்தது. 2021 டிசம்பரில் சட்டமன்றத்தில் மசோதா நிறைவேற்றி அதை 21 ஆக்கிவிட்டார்கள்.

வயது மட்டும் காரணமல்ல. குர்கானின் செக்டார் 29இலும் சைபர் ஹப்பிலும் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் பளபளக்கும் செப்பு, எஃகுக் கொப்பரைகள் இன்னொரு காரணம். அங்கேயே காய்ச்சி, அங்கேயே நுரைக்க நுரைக்கப் பரிமாறும் மைக்ரோப்ரூவரிகள் அவை. 2000களின் கடைசியில் குர்கானில் இந்த வியாபாரம் துளிர்த்தது. 2009இல் புனேயில் 'டூலாலி', 2010இல் பெங்களூரில் 'டாய்ட்' என்று பெயர் பெற்ற கடைகள் வந்தன. தலைநகர்வாசிக்கு மட்டும் புதிதாகக் காய்ச்சிய பீர் என்றால் இன்றும் முதலில் நினைவுக்கு வருவது பக்கத்து மாநிலம்தான்.

அங்கே போய் உட்கார்ந்தால் மெனு கார்டு மிரட்டும். ஹெஃபவைசன், பெல்ஜியன் விட், ஐபிஏ, ஸ்டவுட் என்று நீளும் பட்டியல். பழக்கமில்லாதவர்கள் எட்டிப் பிடிக்கும் கொழுகொம்பு, மரப்பலகையில் நாலைந்து குட்டித் தம்ளர்களில் ஒவ்வொரு ரகமும் கொஞ்சம் கொஞ்சமாக வரும் 'சாம்ப்ளர்'. வெளிர் மஞ்சளில் ஆரம்பித்து, தேன் நிறம், செம்பழுப்பு என்று மாறி, டிகாக்‌ஷன் கறுப்பில் முடியும். இந்தக் கட்டுரை அந்தப் பலகையில் இரண்டு தம்ளர்களைப் பற்றியது. ஒன்று கலங்கலாக, பழ மணத்தோடு இருக்கும் பெல்ஜியப் பாணிக் கோதுமை பீர். இன்னொன்று பெயரில் இந்தியாவைத் தாங்கிய, நாக்கின் அடி வரைக்கும் கசக்கும் ஐபிஏ.

மல்லி மணக்கும் பெல்ஜியம்

முதல் தம்ளரை முகர்ந்தால் தமிழர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். சமையலறை வாசனை அடிக்கிறதே? சந்தேகம் சரிதான். 'விட்' என்ற இந்த ரகத்தில் முளைகட்டாத கோதுமையும் பார்லி மால்ட்டும் அடிப்படை. கூடவே ஆரஞ்சுத் தோலும் கொத்தமல்லி விதையும் இடித்துப் போடுகிறார்கள். நாம் சாம்பாருக்கு வறுக்கும் அதே மல்லிதான். வறுக்காமல் போடுவதால் அதிலிருந்து எலுமிச்சை கலந்த ஒரு மணம் எழுகிறது. வடிகட்டித் தெளிய வைப்பதில்லை என்பதால் பார்வைக்கு நீராகாரம் போலக் கலங்கலாக இருக்கும். 'விட்' என்றால் ஃப்ளெமிஷ் மொழியில் வெள்ளை என்று பொருள்.

இன்று உலகமெங்கும் கிடைக்கும் இந்த ரகம் ஒரு காலத்தில் செத்தே போயிருந்தது. பெல்ஜியத்தின் ஹூகார்டன் என்ற சிற்றூர் வெள்ளை பீருக்குப் பேர் போனது. தெளிந்த, பொன்னிற லாகர் பீர் உலகத்தைப் பிடித்துக்கொண்டதும் ஊரிலிருந்த ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. கடைசி ஆலை 1957இல் நின்றது. அதற்குப் பக்கத்து வீட்டில் வளர்ந்து, சிறுவயதில் அங்கே கூடமாட வேலை செய்த பியர் செலிஸ் என்ற பால்காரர், நினைவில் இருந்த பக்குவத்தை வைத்து 1960களின் நடுவில் மீண்டும் காய்ச்ச ஆரம்பித்தார். ஊர் பெயரே பீரின் பெயராகி நாடு தாண்டியது. 1985இல் ஆலை தீப்பிடித்தது. பணத்துக்காகப் பெரிய கம்பெனி ஒன்றைக் கூட்டுச் சேர்த்தவர் கடைசியில் அதனிடமே ஆலையை விற்றுவிட்டு அமெரிக்காவின் டெக்சாஸுக்குப் போய் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். இன்று தில்லி கடைகளில் ஹூகார்டன் பாட்டிலை எடுக்கும் யாரும், ஒரு பால்காரரின் ஞாபகசக்தியைத்தான் வாங்குகிறார்கள்.

பெல்ஜியத்தின் பீர் கலாசாரத்தை யுனெஸ்கோ 2016இல் மனிதகுலத்தின் அருவப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. காரணம் ரகங்களின் எண்ணிக்கை மட்டுமல்ல. அங்கே துறவிகள் பீர் காய்ச்சுகிறார்கள். 'டிராப்பிஸ்ட்' என்ற முத்திரை வேண்டுமானால் மடத்தின் மதில்களுக்குள், துறவிகளின் மேற்பார்வையில் காய்ச்ச வேண்டும். வருமானம் மடத்தின் பராமரிப்புக்கும் தர்ம காரியங்களுக்கும் போக வேண்டும். ஷிமே, ஓர்வால், வெஸ்ட்மால் ஆகியவை இந்த வகை. ஆனால் பெல்ஜிய பீர் என்றாலே லேசானது என்று எண்ணிவிடக் கூடாது. விட் பீரில் ஆல்கஹால் சுமார் 5 சதவீதம். 'டுவல்' என்ற புகழ்பெற்ற பொன்னிற பீரில் 8.5 சதவீதம். அந்தப் பெயருக்கு அர்த்தம் பிசாசு. பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது.

பெல்ஜியத்தின் இன்னொரு ரகம் நமக்கு இன்னும் நெருக்கமானது. பிரஸல்ஸ் வட்டாரத்து 'லாம்பிக்' பீருக்கு ஈஸ்ட் சேர்ப்பதே கிடையாது. காய்ச்சிய சாற்றைக் குளிர்கால இரவில் அகன்ற, ஆழமில்லாத தொட்டியில் திறந்து வைக்கிறார்கள். காற்றில் மிதக்கும் நுண்ணுயிர்கள் தாமாக விழுந்து புளிக்க வைக்கின்றன. பிறகு மரப்பீப்பாயில் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் கிடக்கும். பனைமரத்து உச்சியில் பாளையைச் சீவிக் கலயம் கட்டினால் பொழுது விடிவதற்குள் பதநீர் தானே கள்ளாவதும் இதே வித்தைதான். சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். பிரஸல்ஸில் அது பாதுகாக்கப்படும் பாரம்பரியம். தமிழ்நாட்டில் 1987 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட பொருள். எது சரி என்பது வேறு விவாதம். ஆனால் புளிக்க வைப்பது வெள்ளைக்காரன் கற்றுக்கொடுத்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை.

தமிழ் படித்தவர்களுக்கு இதற்குச் சான்று தேட நெடுந்தூரம் போக வேண்டாம். பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை, வலைஞர் குடியிருப்பில் மது தயாரிக்கும் பக்குவத்தைப் படிப்படியாகச் சொல்கிறது. அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டில் ஆற்றி, முளைகட்டிய தானியத்தின் பொடியைக் கலந்து, சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்து, பிறகு பிழிந்து எடுக்கிறார்கள். தொட்டுக்கொள்ளச் சுட்ட மீன். முளைகட்டிய தானியம் என்பது இன்றைய ப்ரூவரியில் 'மால்ட்'. ஆக அது ஒயினும் அல்ல, சாராயமும் அல்ல. பீரின் அசல் சித்தப்பா.

பெயரில் மட்டும் இந்தியா

இரண்டாவது தம்ளருக்கு வருவோம். ஐபிஏ என்பது 'இந்தியா பேல் ஏல்' என்பதன் சுருக்கம். பேல் என்றால் வெளிறிய நிறம். ஏல் என்பது மிதமான வெப்பத்தில் சீக்கிரம் புளிக்கும் ரகம். லாகர் குளிரில் நிதானமாகப் புளிப்பது. இந்த ஏலில் இந்தியா எங்கிருந்து வந்தது?

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் லண்டனின் கிழக்கே, கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் புறப்படும் துறைக்கு அருகே, ஹாட்ஜ்ஸன் என்பவரின் பீர் ஆலை இருந்தது. கப்பல் அதிகாரிகள் அவரிடம் பீப்பாய்களைக் கடனுக்கு வாங்கிக் கல்கத்தாவிலும் சென்னையிலும் விற்றார்கள். நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, பூமத்திய ரேகையை இருமுறை கடந்து, மாதக்கணக்கில் ஆடி அசைந்து வந்த பீர், கெடுவதற்குப் பதிலாகப் பக்குவப்பட்டுக் கரை சேர்ந்தது. அதில் தாராளமாகப் போட்டிருந்த ஹாப்ஸ் என்ற கொடிப்பூ கிருமிகளைத் தடுக்கக்கூடியது. இந்தியப் பயணத்துக்காகவே ஹாட்ஜ்ஸன் இந்த பீரைக் கண்டுபிடித்தார் என்று பல கடைகளின் சுவர்களில் எழுதி வைத்திருக்கிறார்கள். அது கட்டுக்கதை. அப்படிப்பட்ட பீர் இங்கிலாந்தில் ஏற்கெனவே இருந்தது. கறுப்பு நிறப் போர்ட்டர் பீரும் அதே கப்பல்களில் வந்து இறங்கியது. அதிகாரிகள் வெளிறிய பீரைக் குடித்தார்கள், சிப்பாய்கள் போர்ட்டரைக் குடித்தார்கள்.

கதையின் அடுத்த காட்சி இன்னும் சுவாரஸ்யம். 1822இல் ரஷ்யா இறக்குமதி வரியை ஏற்றியதும் பர்ட்டன் நகர பீர் ஆலைகளுக்கு வியாபாரம் படுத்துவிட்டது. கம்பெனியின் டைரக்டர் ஒருவர், பர்ட்டனின் ஆல்ஸாப் என்ற ஆலை முதலாளியை அழைத்து, ஹாட்ஜ்ஸனின் பீரைப் போல உம்மால் காய்ச்ச முடியுமா என்று கேட்டார். ஆல்ஸாப்பின் ஆள் அதை முதலில் ஒரு தேநீர்க் குடுவையில் காய்ச்சிப் பார்த்ததாகச் சொல்வார்கள். பர்ட்டன் நிலத்தடி நீரில் ஜிப்சம் அதிகம். அந்தத் தண்ணீரில் ஹாப்ஸின் கசப்பு கூர்மையாகத் தெரிந்தது. சில ஆண்டுகளில் பர்ட்டன், லண்டனை முந்திவிட்டது. வேடிக்கை என்னவென்றால், 'ஈஸ்ட் இந்தியா பேல் ஏல்' என்ற பெயர் அச்சில் காணக் கிடைக்கும் மிகப் பழைய இடங்களில் ஒன்று இந்தியாவும் அல்ல, இங்கிலாந்தும் அல்ல. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரப் பத்திரிகையில் 1829இல் வந்த விளம்பரம்.

பெயர் கொடுத்த நாட்டில் கசப்பு தங்கவில்லை. தில்லிக்கு வடக்கே கசௌலி மலையில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எட்வர்ட் டயர் பீர் ஆலை தொடங்கினார். ஜாலியன்வாலா பாக்கில் சுடச் சொன்ன ரெஜினால்ட் டயர் இவர் மகன். இங்கேயே காய்ச்சும் 'லயன்' பீர் பிரபலமானது. சுதந்திரத்தை ஒட்டி நரேந்திரநாத் மோகன் கைக்கு வந்த அந்த நிறுவனம்தான் இன்றைய மோகன் மீகின். அதே லயன் பெயர் இலங்கையின் நுவரெலியா மலைக்கும் போய், அங்கே காய்ச்சிய லயன் ஸ்டவுட், மைக்கேல் ஜாக்சன் என்ற பிரிட்டிஷ் பீர் எழுத்தாளரின் (பாடகர் அல்ல) பாராட்டைப் பெற்று உலகப் புகழ் அடைந்தது. இந்தியாவிலோ பனிக்கட்டி வந்தது, குளிர்பதனம் வந்தது, வெயிலுக்கு இதமான லேசான லாகர் வந்தது. ஐபிஏ மறந்தே போனது. அமெரிக்காவில் 1970களில் 'காஸ்கேட்' என்ற புது ஹாப்ஸ் ரகத்தோடு அதற்கு மறுபிறவி கிடைத்து, அமெரிக்கா சுற்றிவிட்டு இப்போது குர்கானுக்கு விருந்தாளியாக வந்திருக்கிறது.

ஹாப்ஸும் முழுக்க அந்நியமல்ல. ஹிமாசலப் பிரதேசத்தின் லாஹூல் பள்ளத்தாக்கில் 1970களிலிருந்து ஹாப்ஸ் பயிரானது. இறக்குமதிச் சரக்கோடு போட்டி போட முடியாமல் விவசாயிகள் பலர் பட்டாணிக்கும் காலிஃப்ளவருக்கும் மாறிவிட்டார்கள். 2020இல் அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு மணாலியிலிருந்து லாஹூலுக்கு ரோதங் கணவாயை ஏறி இறங்காமலே போய்விடலாம். ஆனாலும் நம் கோப்பைகளுக்கு ஹாப்ஸ் பெரும்பாலும் ஜெர்மனியிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும்தான் வருகிறது. இன்னொரு செய்தி: தாவரவியல்படி ஹாப்ஸ், கஞ்சாவின் பங்காளி. ஹோலி அன்று வட இந்தியாவில் தண்டாயில் கலக்கும் பாங்கும், ஐபிஏயில் கலக்கும் ஹாப்ஸும் ஒரே குடும்பம். கஞ்சாவின் மயக்கம் மட்டும் ஹாப்ஸுக்கு இல்லை.

நாக்கைப் பழக்குவது எப்படி

முதல் வாய் ஐபிஏயில் முகம் சுளிக்காதவர்கள் குறைவு. கசப்பை விஷத்தின் அறிகுறியாகவே மனித நாக்கு எடுத்துக்கொள்ளும். அதைத் தாண்டி ரசிக்கப் பழக வேண்டும். இதில் தமிழர்களுக்குப் பயம் தேவையில்லை. சித்திரை முதல் தேதி வேப்பம்பூப் பச்சடியோடு வருஷத்தைத் தொடங்கும் ஜனங்கள் நாம். சுண்டைக்காய் வற்றலும் பாகற்காய்ப் பிட்லையும் சிக்கரி தூக்கலான காப்பியும் சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு கசப்பு ஒரு குறையல்ல, அறுசுவையில் ஒன்று.

கசப்பை அளக்க 'ஐபியு' என்ற அலகு வைத்திருக்கிறார்கள். சாதாரண லாகரும் விட்டும் பத்திலிருந்து இருபதுக்குள் நிற்கும். ஐபிஏ நாற்பது முதல் எழுபது வரை போகும். எண் மட்டும் எல்லாவற்றையும் சொல்லாது. மால்ட்டின் இனிப்பு எவ்வளவு என்பதைப் பொறுத்து அதே கசப்பு உறைக்கவும் செய்யும், ஒளிந்துகொள்ளவும் செய்யும். வெல்லம் போட்டால் பாகற்காய் அடங்குகிறதல்லவா, அப்படி. ஹாப்ஸைக் கொதியின் ஆரம்பத்தில் போட்டால் கசப்பு இறங்கும். கடைசியில் போட்டால் கசப்பு குறைந்து மணம் தங்கும். இறக்கும் நேரத்தில் ரசத்தில் கொத்தமல்லித் தழை தூவுகிற அதே கணக்கு. அந்த மணத்தை 'சிட்ரஸ்', 'பைன்' என்று மெனு கார்டு வர்ணிக்கும். தமிழில் சொன்னால் தெளிவாகப் புரியும்: பம்ப்ளிமாஸ் தோல், கசக்கிய நார்த்தை இலை, சில ரகங்களில் அதிகம் பழுத்த மாம்பழம்.

சாம்ப்ளர் பலகையில் வரிசை முக்கியம். லேசானதிலிருந்து கனமானதுக்கு, கசப்பு குறைந்ததிலிருந்து கூடியதுக்குப் போக வேண்டும். ஐபிஏயை முதலில் குடித்துவிட்டால் விட் வெறும் தண்ணீராகத் தெரியும். குடிக்கும் முன் முகர வேண்டும். ருசி என்று நாம் நினைப்பதில் பெரும்பங்கு மணம்தான். ஐஸ் போலச் சில்லிட்ட பீர் எதையும் காட்டிக்கொடுக்காது. சற்றுக் குளிர் தணிந்தால்தான் பெல்ஜிய ஈஸ்ட்டின் மிளகு வாசனையும் பழ வாசனையும் வெளியே வரும். அதனால்தான் பெல்ஜியத்தில் கனமான பீர்களை உறைகுளிரில் பரிமாறுவதில்லை, ஒவ்வொரு பீருக்கும் தனி வடிவில் கோப்பை வைத்திருக்கிறார்கள். இடையிடையே தண்ணீர் குடிக்க வேண்டும். விட்டோடு மீன், லேசான பனீர் டிக்கா ஒத்துப்போகும். ஐபிஏயோடு காரசாரமான சக்னா எடுத்தால் காரம் இரட்டிப்பாகத் தெரியும். அது வேண்டும் என்பவர்களுக்கு அமிர்தசரி மீன் காத்திருக்கிறது.

பாட்டிலில் வாங்குபவர்கள் பார்க்க வேண்டியது தேதி. ஹாப்ஸ் மணம் அற்பாயுசு. ஓயின் போல வைத்திருந்தால் மெருகேறாது, வாடிப்போகும். 45 டிகிரி வெயிலில் லாரியில் வந்து, தேக்கா வாசலில் அடுக்கிக் கிடந்த ஐபிஏ, ஈர அட்டைப்பெட்டி போல ருசிப்பதில் ஆச்சரியமில்லை. வெளிச்சம் இன்னொரு எதிரி. பச்சை பாட்டிலில் வெயில் பட்டால் ஹாப்ஸின் சத்து சிதைந்து துர்நாற்றம் வரும். பழுப்பு பாட்டிலும் டின்னும் பத்திரம். குர்கான் மைக்ரோப்ரூவரியின் உண்மையான சாதகம் இதுதான்: கொப்பரைக்கும் கோப்பைக்கும் நடுவே இருபது அடி தூரம்.

ஒரு வார்த்தை செய்த வேலை

தில்லி நடுத்தர வர்க்கத்துக்கு இந்த ருசியைப் பழக்கியதில் ஒரு குரங்குப் படத்துக்குப் பங்குண்டு. வெளிநாட்டு பீர்களை இறக்குமதி செய்து விற்றுக்கொண்டிருந்த அங்கூர் ஜெயின், 2015இல் 'பீரா 91' என்ற பெயரில் சொந்த பீரை தில்லிக்குக் கொண்டுவந்தார். 91 என்பது இந்தியாவின் தொலைபேசிக் குறியீடு. ஆனால் முதல் சரக்கு காய்ச்சப்பட்டது பெல்ஜியத்தில். அதில் முக்கியமானது 'ஒயிட்', சாட்சாத் பெல்ஜியப் பாணி விட். கசப்பு குறைவு, ஆரஞ்சும் மல்லியும் தூக்கல். முதல் கோடையிலேயே தில்லி பார்களில் தட்டுப்பாடு. அடுத்த ஆண்டு காய்ச்சுவதை இந்தியாவுக்கு மாற்றினார்கள். முதலீடு குவிந்தது. ஜப்பானின் கிரின் நிறுவனமும் பணம் போட்டது. 2021இல் மாம்பழ லஸ்ஸி, கோகம் புளிப்பு, 'பாலிவுட் ஐபிஏ' என்றெல்லாம் சோதனைகள் நடந்தன. 2022இல் இறக்குமதி பீர்களுக்குப் பேர் போன 'தி பீர் கஃபே' கடைகளையும் வாங்கியது. பின்னாலேயே வேறு சிலரும் வந்தார்கள். 2018இல் பூட்டானில் காய்ச்சி தில்லியில் அறிமுகமான 'கட்டி பதங்' அம்பர் ஏல் அவற்றில் ஒன்று.

சரிவு வந்தது ருசியால் அல்ல, ஒரு வார்த்தையால். பங்குச் சந்தைக்குப் போகும் ஏற்பாட்டில் கம்பெனியின் பெயரிலிருந்து 'பிரைவேட்' என்ற சொல்லை எடுத்தார்கள். எக்ஸைஸ் துறைகளின் பார்வையில் அது புதுக் கம்பெனி. ஒவ்வொரு மாநிலத்திலும் ஒவ்வொரு லேபிளையும் மறுபடி பதிவு செய்ய வேண்டியதாயிற்று. மாதக்கணக்கில் விற்பனை முடங்கியது. கைவசமிருந்த பழைய லேபிள் சரக்கை விற்க முடியவில்லை. 2023-24 நிதியாண்டில் நஷ்டம் 748 கோடி ரூபாய், அந்த ஆண்டின் விற்பனையைவிட அதிகம். 2025இல் சம்பள பாக்கி என்று ஊழியர்கள் நிறுவனரை நீக்கக் கோரி மனுக் கொடுக்கும் அளவுக்குப் போனது. நிர்வாகத்தின் கணக்குகளிலும் கோளாறு இருந்திருக்கலாம். ஆனால் ஒரே நாட்டில் ஒரே பீரை விற்க மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனி அனுமதி, தனித்தனி லேபிள், தனித்தனி வரி என்ற ஏற்பாட்டில், பணபலமுள்ள பெரிய கம்பெனிகள் மூச்சுப் பிடித்து நிற்கும். சிறிய கம்பெனிக்கு ஒரு வார்த்தை போதும்.

தில்லி அரசும் தன் பங்குக்கு முயன்று பார்த்தது. 2021 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய எக்ஸைஸ் கொள்கை தனியார் கடைகளையும் மைக்ரோப்ரூவரிகளையும் அனுமதித்தது. பத்து மாதம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. 2022 செப்டம்பர் 1 முதல் பழைய ஏற்பாடே திரும்பியது. கொள்கை கைதுகளாகவும் வழக்குகளாகவும் தேர்தல் மேடைப் பேச்சாகவும் உருமாறியது. அந்த அமளியில் பீரின் ருசியைப் பற்றி யாரும் பேசவில்லை. பேசியிருந்தால்தான் ஆச்சரியம்.

இந்தக் குழப்பத்துக்கு மெட்ரோவிலேயே ஓர் உதாரணம் உண்டு. சீல் உடைக்காத இரண்டு பாட்டில்களை ரயிலில் எடுத்துச் செல்லலாம் என்று 2023 ஜூனில் தில்லி மெட்ரோ அறிவித்தது. எக்ஸைஸ் துறையோ, பக்கத்து மாநிலத்திலிருந்து கொண்டுவருவதற்கு எங்கள் சட்டத்தில் வேறு வரம்பு இருக்கிறது என்று ஆட்சேபித்தது. ரயில் ஒன்று, பயணி ஒருவர், சட்டம் இரண்டு.

போதையா, ருசியா?

இந்தியாவில் விற்கும் பீரில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் 'ஸ்ட்ராங்'. உலகில் வேறெங்கும் காண அரிதான விகிதம் இது. நம் ஆட்களுக்கு ருசி தெரியாது என்று இதற்கு மேம்போக்காக விளக்கம் சொல்வார்கள். அது அநியாயம். பல மாநிலங்களில் பீருக்கு வரி, பாட்டிலின் அளவையோ விலையையோ வைத்தே பெரும்பாலும் போடப்படுகிறது, அதிலுள்ள ஆல்கஹாலை வைத்து அல்ல. 5 சதவீத பீருக்கும் 8 சதவீத பீருக்கும் கிட்டத்தட்ட ஒரே சுமை. கொடுக்கும் காசுக்கு எதில் ஏறும் என்று கூலித் தொழிலாளி கணக்குப் போட்டால் அவர் ஸ்ட்ராங்கைத்தான் எடுப்பார். இன்னும் கூட்டிக் கழித்தால் பீரையே விட்டுவிட்டு விஸ்கி குவார்ட்டருக்குப் போவார். லேசான பானத்திலிருந்து கனமான பானத்துக்கு மக்களைத் தள்ளுவது வரிப் பட்டியல். அதே அரசுதான் சுவரில் 'குடி குடியைக் கெடுக்கும்' என்றும் எழுதுகிறது.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இது புதிதல்ல. 2003 நவம்பரிலிருந்து சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் கையில். கவுன்டரில் கம்பிக்குப் பின்னாலிருந்து வரும் பாட்டிலை வாங்குபவருக்கு அதில் மல்லி இருக்கிறதா, ஹாப்ஸ் எப்போது போட்டார்கள் என்று கேட்க நேரமும் இல்லை, பதில் சொல்ல ஆளும் இல்லை. பெங்களூரிலோ புதுச்சேரியிலோ கலங்கிய கோதுமை பீரைப் பார்த்து 'கெட்டுப்போச்சு' என்று திருப்பிக் கொடுக்கும் நம்மவர்களைக் குறை சொல்ல முடியாது. தெளிவாக, பொன்னிறமாக, ஜில்லென்று, சட்டென்று ஏறுவதே பீர் என்று இரண்டு தலைமுறைக்குக் கற்பித்தாகிவிட்டது.

ருசி என்ற பெயரில் குடியை விற்கிறார்கள் என்ற குற்றச்சாட்டுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். அதில் நியாயம் உண்டு. உடல்நலத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று மதுவில் எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. கைவினைப் பீர், மடத்து பீர் என்று எந்த அடைமொழி சேர்த்தாலும் ஈரலுக்கு வித்தியாசம் தெரியாது. மதுவிலக்கை அரசின் வழிகாட்டு நெறியாக அரசியல் சட்டத்தின் 47வது பிரிவு சொல்கிறது. குடியால் சிதைந்த குடும்பத்தைப் பார்த்த பெண்களிடம் பம்ப்ளிமாஸ் மணத்தைப் பற்றிப் பேசுவது குரூரம். குடிக்காதவர்கள் இதைப் படித்துவிட்டுக் குடிக்க ஆரம்பிக்க எந்தக் காரணமும் இல்லை.

ஆனால் ஏற்கெனவே குடிப்பவர்கள் விஷயத்தில் ஒன்றைக் கவனிக்கலாம். கசப்பு பீரை மடக் மடக்கென்று குடிக்க முடியாது. ஒரு கோப்பையை முடிக்க நேரம் பிடிக்கும். மணம் பார்ப்பது, பேசுவது, அடுத்த தம்ளரோடு ஒப்பிடுவது என்று பொழுது போகும். நாலு தம்ளர் சாம்ப்ளரைச் சேர்த்து ஊற்றினால் ஒரு பெரிய மக் அளவுகூட வராது. பில்லும் கனம்தான், அதனால் இரண்டாவது பலகை கேட்கக் கை தயங்கும். கூட வந்தவர்களில் ஒருவர் எலுமிச்சை சோடாவோடு நிறுத்திக்கொண்டால் யாரும் கிண்டல் செய்வதில்லை. வண்டியைக் கொண்டுவராமல் மெட்ரோவில் வந்திருப்பதே பாதி நாகரிகம். குடியை ஒழிக்க இது வழியல்ல. கண்மூடித்தனமான குடியைக் கொஞ்சம் கண் திறக்க வைக்கும் வழி.

அந்த நாகரிகத்துக்கு அரசு மானியம் தர வேண்டாம், விளம்பரம் செய்ய வேண்டாம். பாட்டிலின் உயரத்தைப் பார்த்து வரி போடாமல் உள்ளே இருக்கும் ஆல்கஹாலைப் பார்த்து வரி போட்டால் போதும். லேசானது மலியும், கனமானது விலை ஏறும், லாஹூலில் ஹாப்ஸ் கொடியைப் பிடுங்காமல் வைத்திருக்கும் விவசாயிக்கும் ஒருவேளை நல்ல காலம் பிறக்கும். பெரும்பாணாற்றுப்படை காலத்து வலைஞர் தம் பானத்தை இரண்டு பகல், இரண்டு இரவு காத்திருந்து வடித்தார்கள், மீனோடு சேர்த்து விருந்தாளிக்குக் கொடுத்தார்கள். நம் எக்ஸைஸ் பதிவேட்டில் பாட்டிலுக்குப் பத்தி இருக்கிறது, லேபிளுக்குப் பத்தி இருக்கிறது, வசூலுக்குப் பத்தி இருக்கிறது. ருசிக்கும் நிதானத்துக்கும் இன்னும் பத்தி போடவில்லை.